4.21 விநாடி வொர்தி: முதல் வருஷமே ஆயிரம் யார்டா?

கேள்வி, ஆஸ்டினிலிருந்து ஒரு தம்பி (26 ஏப்ரல் 2024)

நேத்து ராத்திரி என்.எஃப்.எல். டிராஃப்ட்ல (அமெரிக்கன் ஃபுட்பால் டீம்கள் புது ஆட்களை வரிசையா எடுக்கிறது) 28-வது ஆளா சேவியர் வொர்திங்கிற ரிசீவரை, அதாவது எறியற பந்தை ஓடிப் பிடிக்கிறவனை, கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் எடுத்தாச்சு. 40 யார்டை 4.21 விநாடியில ஓடினவன். டிராஃப்டுக்கு முன்னாடி ஆட்களைச் சோதிச்சுப் பார்க்கிற கம்பைன் வரலாற்றிலேயே இதுதான் வேகம். மூணு சீசன் இங்க டெக்சாஸ் யுனிவர்சிட்டி மைதானத்துல உட்கார்ந்து இவனைப் பார்த்தவன் சொல்றேன்: சீஃப்ஸோட பழைய மின்னல் டைரீக் ஹில் திரும்பி வந்தாச்சு. முதல் வருஷமே ஆயிரம் யார்டு. கான்சஸ் சிட்டி அண்ணன்மார் யாராவது மறுக்கிறீங்களா?

26 ஏப்ரல் 2024, ராத்திரி

மறுக்கிறேன்.

ஹில் மாதிரின்னு சொல்றவங்க ஹிலோட முதல் வருஷத்தை மறந்துட்டாங்க. 2016-ல அவன் பிடிச்சது 61 பந்து, 593 யார்டு, 6 டச்டவுன் (பந்தோட எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டறது). அவ்வளவுதான். எதிரணி உதைக்கிற பந்தைப் பிடிச்சு பன்ட் ரிட்டர்னும் கிக் ரிட்டர்னும் எடுத்து ஓடினதாலதான் ஊரே அவனைப் பார்த்துச்சு. ஆயிரம் யார்டு ரெண்டாவது வருஷம்தான் வந்துச்சு.

அடுத்து, 4.21-ங்கிற நம்பர். இந்தியானாபொலிஸ்ல ஷார்ட்ஸ் போட்டுக்கிட்டு, எதிரே யாரும் இல்லாம, நேர்கோட்டுல ஓடினது. நம்ம கணக்குல 36.6 மீட்டர். இவனுக்கு முன்னாடி சாதனை ஜான் ராஸ் கையில இருந்துச்சு, 2017-ல 4.22. சின்சினாட்டி 9-வது ஆளா எடுத்தாங்க. அந்த வருஷம் பந்தைத் தொடவே இல்லை. மறுபக்கம் ஆன்குவான் போல்டின்னு ஒருத்தர், 2003-ல 4.71 ஓடினவர். ஆமை. முதல் வருஷம் 101 பந்து, 1,377 யார்டு. 4.21-க்கும் 4.71-க்கும் நடுவுல அரை விநாடி. அந்த அரை விநாடியை வச்சு எத்தனை வேலை போயிருக்கு, எத்தனை கோடி கைமாறியிருக்குன்னு யோசிங்க.

இன்னொண்ணு. பையன் எடை 165 பவுண்டு, 75 கிலோ. என் எடையை விடக் குறைவு. கோட்டுல நிக்கும்போதே கார்னர்பேக் (ரிசீவரைத் தடுக்கிற எதிரணி ஆள்) நெஞ்சுல கையை வச்சுத் தள்ளினா என்ன ஆகும்?

என் கணிப்பு: 500 யார்டு, 4 டச்டவுன்.

27 ஏப்ரல் 2024

திருத்தம். ஜான் ராஸ் பந்தைத் தொடவே இல்லைன்னு எழுதினது தப்பு. ஒரு தடவை தொட்டான். 12 யார்டு ஓடினான். பந்தைக் கீழே விட்டான். பிடிச்சது பூஜ்யம்ங்கிறது மட்டும் சரி.

27 ஏப்ரல் 2024, கொஞ்சம் கழிச்சு

தம்பி பந்தயத்துக்குக் கூப்பிடுறார். சரி. ஆயிரத்துக்கு மேல போனா நான் இங்கிருந்து பர்ன்ட் எண்ட்ஸ் (சுட்ட மாட்டிறைச்சி ஓரத் துண்டுகள்) அனுப்பணும். ஐந்நூறுக்குக் கீழ நின்னா அவர் அங்கிருந்து பிரிஸ்கெட் (புகையில வெந்த மாட்டு நெஞ்சுக்கறி) அனுப்பணும். நடுவுல எங்க நின்னாலும் ரெண்டு பேரும் பட்டினி. எழுதியாச்சு, யாரும் மாத்தக் கூடாது.

29 ஏப்ரல் 2024

ஒருத்தர் கேட்கிறார், உங்களுக்கு ஏன் இந்த எரிச்சல்னு. எரிச்சல் இல்லைங்க, சூடு பட்டவன். நான் கான்சஸ் சிட்டி பக்கத்துல ஓவர்லேண்ட் பார்க்குக்கு வேலைக்கு வந்தது 2012-ல. அந்த வருஷம் சீஃப்ஸ் 2 ஜெயிச்சு 14 தோத்தாங்க. ஆபீஸ்ல சும்மா கிடைச்ச டிக்கெட்டுல போய்த்தான் இந்த ஆட்டத்தையே கத்துக்கிட்டேன், காலி நாற்காலிகளோட. அடுத்த வருஷம் கோச்சா ஆண்டி ரீட் வந்தார். அப்புறம் ஹில், பந்தை எறியற மஹோம்ஸ். 2022 மார்ச்ல ஹிலை மயாமிக்குக் கொடுத்த அன்னைக்கு என் பையன் ராத்திரி சாப்பிடலை, அவனுக்கு அப்ப பத்து வயசு. அதுலேர்ந்து ஒவ்வொரு வசந்தத்துலயும் யாராவது ஒரு வேகக்காரனைக் காட்டி "இதோ ஹில்"னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. போன டிசம்பர்ல பஃபலோ ஆட்டத்துல நம்ம ரிசீவர் கடாரியஸ் டோனி பிளே ஆரம்பிக்கும்போதே கோட்டைத் தாண்டி நின்னு ஒரு அழகான டச்டவுனைக் கெடுத்தானே, அவன்கூட அப்படி வந்தவன்தான்.

இதுல வேடிக்கை, 28-வது இடத்தை நமக்குக் கைமாத்திக் கொடுத்ததே பஃபலோதான். நம்மகிட்ட பிளேஆஃப்ல தோத்துத் தோத்து நொந்துபோன ஊர். வீட்டு வேலியைப் பிரிச்சு ஆட்டை உள்ள விட்ட கதையா, இல்லை ஆட்டை நம்ம தலையில கட்டின கதையா, போகப் போகத்தான் தெரியும்.

11 ஆகஸ்ட் 2024

நேத்து ஜாக்சன்வில்ல முன்சீசன் ஆட்டம். நம்ம இன்னொரு ரிசீவர் மார்க்கீஸ் பிரவுன் முதல் பிளேயிலேயே தோள்பட்டை அடிபட்டு வெளிய. வேகத்துக்குன்னு வாங்கின ரெண்டு பேர்ல ஒருத்தர் போயாச்சு. இனி மேல் மொத்தப் பாரமும் இந்த 75 கிலோ மேல.

6 செப்டம்பர் 2024, விடியக்காலை

தூக்கம் வரலை. சீசனோட முதல் ஆட்டம், பால்டிமோர் ராவன்ஸுக்கு எதிரா, வொர்தியோட என்.எஃப்.எல். வாழ்க்கையில முதல் தடவை பந்து கைக்கு வருது. கால்பேக்குக்குக் கொடுக்கிற மாதிரி பின்னாலேயே கையில வாங்கி, ஓரமா சுத்தி, 21 யார்டு, டச்டவுன். கடைசி அஞ்சு யார்டு அவன் ஓடவே இல்லை, நடந்தான். ஆட்டத்தோட நாலாவது கால் பகுதியில இன்னொண்ணு, 35 யார்டு, பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்லை.

27-20 ஜெயிச்சோம், அதுவும் கடைசிப் பிளேயில ராவன்ஸ் ஆள் லைக்லியோட கால் கட்டைவிரல் கோட்டை மிதிச்ச புண்ணியத்துல.

தம்பி போன் மாத்தி போன் பண்றார். ஒரு ஆட்டம்தான் ஆகியிருக்கு. போல்டின் முதல் ஆட்டத்துல 217 யார்டு எடுத்தார், தெரியுமில்ல?

(ஆமா, போல்டினை நான் எதிர்த்தரப்புக்கு உதாரணமா சொன்னேன், இப்ப எனக்கும் சேர்த்துச் சொல்றேன். கவனிச்சவங்க கமுக்கமா இருங்க.)

6 செப்டம்பர் 2024

மேலே "கால்பேக்"னு அடிச்சிருக்கேன். ரன்னிங் பேக். தூக்கக் கலக்கம்.

30 செப்டம்பர் 2024

சார்ஜர்ஸ் ஆட்டத்துல 54 யார்டு டச்டவுன். ஆனா அதே ஆட்டத்துல நம்ம இன்னொரு ரிசீவர் ரஷீ ரைஸ் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டான், நம்ம மஹோம்ஸே வந்து மோதினதுல. சந்தோஷப்பட முடியலை. ரைஸ்தான் உள்ள புகுந்து அடிவாங்கிப் பந்து பிடிக்கிறவன். அந்த வேலையை இனி யார் செய்யறது? 75 கிலோவா?

6 நவம்பர் 2024

8-0. ஒரு ஆட்டமும் தோக்கலை, ஆனா இங்க எல்லார் வாயிலயும் வொர்திதான் விழறான். "பஸ்ட்" (தேறாத கேஸ்), "இன்னொரு ஜான் ராஸ்", "ஓடத் தெரியும், விளையாடத் தெரியாது". ஏப்ரல்ல நான் பேசினதைத்தான் இப்ப எல்லாரும் பேசறாங்க, எனக்கோ அவனுக்காக வாதாடணும்போல இருக்கு. மனுஷ புத்தி.

முதல்ல குறையைச் சொல்லிடறேன். நீளப் பந்துக்கு ஓடும்போது ஓரக் கோட்டுப் பக்கமா நழுவிக்கிட்டே போறான். மஹோம்ஸ் பந்தைப் போட அந்தப் பக்கம் இடமே இருக்கிறதில்லை. எங்க ஊர்ப் பள்ளிக் கபடி டீம்ல இப்படி ஒருத்தன் இருந்தான். பாடிப் போனா மின்னல். அவன் பிடிபட்டு அவுட் ஆனதை விட, தானா பக்கக் கோட்டுக்கு வெளிய கால் வச்சு அவுட் ஆனதுதான் அதிகம். வேகத்துக்கு இடம் பத்தாது. வாத்தியார் விசில் ஊதி ஊதி ஓஞ்சு போனார். அது கால்ல இருக்கிற குறை இல்லை, கண்ணுல இருக்கிற குறை. பழக்கினா சரியாகும்.

இப்ப மத்தது. நான் பன்னிரண்டு வருஷமா பந்து போற பக்கமே பார்த்துக்கிட்டிருந்த ஆள். திங்கள் ராத்திரி டாம்பா பே ஆட்டத்துல என் வீட்டுக்காரம்மா கேட்டாங்க: "ஏங்க, பந்துதான் இந்தப் பொடியனுக்கு வர்றதில்லையே, அப்புறம் எதுக்கு ஒவ்வொரு தடவையும் உயிரைக் கொடுத்து ஓடறான்?" எனக்குப் பதில் தெரியும்னு வாயைத் திறந்தேன், வரலை. மறுநாள் பதிவை ஓட்டிப் பார்த்தோம், பந்தைப் பார்க்கவே கூடாதுன்னு சட்டம் போட்டுக்கிட்டு.

அவன் எதிரே நிக்கிற கார்னர்பேக்கைப் பாருங்க. மத்தவங்களுக்கு எதிரே மூக்கோடு மூக்கு நிக்கிறவன், இவனைக் கண்டதும் ஏழெட்டு யார்டு பின்வாங்கிடறான். பந்து கிளம்பினதும் பின்னால கடைசிக் காவலா நிக்கிற சேஃப்டி ரெண்டு பேர்ல ஒருத்தர் இவன் பக்கமாவே ஒதுங்கறார். அந்த ரெண்டு பேரும் காலி பண்ணிட்டுப் போற இடத்துல, நடு மைதானத்துல, நம்ம டீமோட 35 வயசுக் கெல்சி அசைஞ்சு அசைஞ்சு வந்து நின்னு பந்தை வாங்கறார். டிவி கெல்சியைக் காட்டுது, ஊர் கெல்சியைக் கொண்டாடுது. வொர்தி கணக்குல அந்தப் பிளேக்கு ஒண்ணுமே கிடையாது. 40 யார்டு ஓடிட்டு மூச்சு வாங்கத் திரும்பி நடந்து வர்றான், அவ்வளவுதான்.

வீட்டுக்காரம்மா மளிகைச் சீட்டுப் பின்னால கோடு போட்டு எண்ணினாங்க, எத்தனை தடவை கார்னர்பேக் முன்னாடியே பின்வாங்கினான்னு. எண்ணிக்கையை இங்க போட மாட்டேன். ரெண்டு பேரும் எண்ணினது ஒத்துப்போகலை, அதுல ஒரு சண்டை வேற.

ஏப்ரல்ல நான் கேட்டேனே, நெஞ்சுல கையை வச்சுத் தள்ளினா என்ன ஆகும்னு? தள்றதுக்கு ஆள் கிட்ட வரணுமில்ல. தள்ளித் தவறினா ஆள் போயே போயிட்டான், அப்புறம் பிடிக்க முடியாது. அந்தப் பயத்தைத்தான் சீஃப்ஸ் 28-வது இடத்துல விலை கொடுத்து வாங்கியிருக்காங்க. நான் யார்டை எண்ணிக்கிட்டிருந்தேன்.

ஒரு மறுப்பும் இருக்கு, நானே சொல்லிடறேன். பயம் காட்டறவன் எப்பவாவது ஒரு தடவை கடிக்கவும் வேணும். நாலு வாரம் நீளப் பந்து ஒண்ணும் பிடிக்கலைன்னா கார்னர்பேக் கொஞ்சம் கொஞ்சமா முன்னால வர ஆரம்பிச்சுடுவான். இப்ப அதுதான் நடக்குதோன்னு சந்தேகம்.

7 நவம்பர் 2024

"ஓடிப்போனவனுக்கு ஒன்பதுல குரு"ன்னு ஒருத்தர் பதில் போட்டிருக்கார். சீஃப்ஸ் அடுத்து ஜெயிக்கப்போறது ஒன்பதாவதுதான். ஜோசியம் சரியாத்தான் இருக்கு.

18 நவம்பர் 2024

ஒன்பதோட குரு இறங்கிட்டார். பஃபலோல 30-21 தோல்வி. வொர்தி ஒரு டச்டவுன் பிடிச்சான், அவனைக் கைமாத்திவிட்ட ஊர்லயே. ஆறுதலா இல்லை.

26 டிசம்பர் 2024

கிறிஸ்துமஸ் மதியம் பிட்ஸ்பர்க்ல 29-10. வொர்திக்கு 8 பந்து, 79 யார்டு, ஒரு டச்டவுன். பார்த்தீங்களா, சராசரி பத்து யார்டுகூட இல்லை. வேகக்காரன்னு வாங்கினவனைக் குறுக்க ஓட விட்டு, கோட்டுக்குப் பக்கத்துலயே பந்தைக் கொடுத்து, மிச்சத்தை நீ பார்த்துக்கோன்னு விடறார் ரீட். ரைஸ் செஞ்ச வேலை. 75 கிலோவால முடியுமான்னு செப்டம்பர்ல கேட்டது நான்தான். பதில் வந்துடுச்சு.

நழுவறதும் குறைஞ்சிருக்கு. சொல்லிக் கொடுத்த ஆள் யாரோ, அவருக்கு ஒரு டீ.

6 ஜனவரி 2025

நேத்து டென்வர்ல 38-0. நம்ம பெரிய ஆட்களை உட்கார வச்சுட்டு விளையாடின ஆட்டம், விட்டுடுங்க. ரெகுலர் சீசன் முடிஞ்சது. 15-2.

வொர்தி: 59 பந்து, 638 யார்டு, 6 டச்டவுன். ஓடி எடுத்தது 104 யார்டு, 3 டச்டவுன்.

என் 500-ம் போச்சு, தம்பியோட 1000-மும் போச்சு. ரெண்டு பேரும் பட்டினி. இதை எழுதிட்டு மேல போய் என் முதல் குறிப்பைப் படிச்சேன். ஹில், 2016: 61 பந்து, 593 யார்டு, 6 டச்டவுன். அந்த வருஷம் அவன் ஓடி எடுத்த டச்டவுன் எத்தனைன்னு தேடிப் பார்த்தேன். 3.

ரெண்டு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். "ஹில் திரும்பி வந்தாச்சு"ன்னு தம்பி சொன்னதை மறுக்கத்தான் அந்த நம்பரையே எடுத்துப் போட்டேன். இப்ப அதுவே அவருக்குச் சாட்சி சொல்லுது. ஹில் கூடுதலா ரிட்டர்ன்ல மூணு டச்டவுன் போட்டான், ஓட்டத்துல 267 யார்டு எடுத்தான், அதையெல்லாம் சொல்லி இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். இழுக்கலை.

அதே டிராஃப்ட்ல அவனுக்குப் பின்னால, 34-வதா போன லேட் மெக்கான்கி 1,149 யார்டு. அஞ்சு இடம் முன்னால போன பிரையன் தாமஸ் 1,282. இதையும் யாராவது எழுதுவாங்கன்னு நானே எழுதிட்டேன். அவங்களுக்கு வந்த பந்து வேற, அந்த டீம்கள்ல அவங்களுக்கு இருந்த வேலை வேற. ஆனாலும் கொஞ்சம் உறுத்துது.

27 ஜனவரி 2025

நேத்து அரையிறுதியில பஃபலோவை 32-29 ஜெயிச்சோம். தொண்டை போச்சு, நம்ம மைதானம் ஆரோஹெட்ல மேல் தட்டுல நின்னு கத்தினதுல.

வொர்திக்கு 6 பந்து, 85 யார்டு, ஒரு டச்டவுன். எல்லாரும் கேட்கிறது அந்த 26 யார்டு பந்தைப் பத்தி. கோல் ஷாப், மன்னிக்கணும், கோல் பிஷப், பஃபலோ சேஃப்டி, அவனும் வொர்தியும் ஒண்ணாக் குதிச்சு, ஒண்ணாப் பிடிச்சு, ஒண்ணா விழுந்தாங்க. அம்பயர் வொர்திக்குக் கொடுத்தார். மறுபரிசீலனையிலயும் அதுவே நின்னுச்சு. பந்து தரையைத் தொட்டுச்சான்னா, நான் உட்கார்ந்த இடத்துலேர்ந்து பந்தே தெரியலை. வீட்டுக்கு வந்து டிவியில பத்துத் தடவை பார்த்தேன். நான் அம்பயரா இருந்தா என்ன கொடுத்திருப்பேன்னு இங்க எழுத மாட்டேன், பஃபலோக்காரங்களும் இதைப் படிக்கிறாங்க.

இதுல வேகமே இல்லை, கவனிச்சீங்களா? ரெண்டு பேர் குதிச்சு ஒரு பந்தைப் பிடுங்கிக்கிட்டாங்க. 75 கிலோ விடலை.

(அம்பயர்னு எழுதிட்டேன். ரெஃப்ரி. கிரிக்கெட் ரத்தம்.)

10 பிப்ரவரி 2025

எழுதவே பிடிக்கலை. சூப்பர் பவுல், லீக்கோட இறுதி ஆட்டம், 40-22 தோல்வி. இடைவேளையில 24-0, மூணாவது கால் பகுதியில 34-0. மஹோம்ஸ் ஆறு தடவை விழுந்தார். நியூ ஆர்லியன்ஸ்ல நேத்து ஈகிள்ஸ் நம்ம ஆட்களை நிக்கவே விடலை.

வொர்தி: 8 பந்து, 157 யார்டு, 2 டச்டவுன்.

வருஷம் பூரா எல்லாரும் கேட்ட ஆட்டம் இதுதான். நீளப் பந்து, 50 யார்டு, எல்லாரையும் தாண்டி. அது வந்தப்ப கடிகாரத்துல ரெண்டு நிமிஷம்கூட இல்லை, என் பையன் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தியாச்சு, பக்கத்து வீட்டுக்காரர் பாத்திரத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார். நான் கைதட்டலை. வீட்டுக்காரம்மா மட்டும் மெதுவா சொன்னாங்க: "பாவம், இப்பவும் உயிரைக் கொடுத்துத்தான் ஓடறான்."

நவம்பர்ல நான் பயத்தைப் பத்திப் பெரிசா எழுதினேனே, அதுல ஒண்ணு விட்டுப்போச்சு. அவன் 40 யார்டு ஓடி முடிக்க நாலு விநாடி வேணும். எறியறவருக்கு நேத்து ரெண்டரை விநாடி கிடைச்சா அதிகம். முன்வரிசை நாலு பேரை வச்சே ஈகிள்ஸ் மஹோம்ஸை நெருக்கினாங்க, பின்னால ஏழு பேர் சும்மா காத்துக்கிட்டு நின்னாங்க. யாரும் யாருக்கும் பயப்படத் தேவையே இல்லை.

11 பிப்ரவரி 2025

தம்பி ஒரு கணக்கு அனுப்பியிருக்கார். ரெகுலர் சீசன்ல பிடிச்சது 638. ஓடினது 104. பிளேஆஃப் மூணு ஆட்டத்துல 45, 85, 157, ஆக 287. மொத்தம் 1,029. "அண்ணே, முதல் வருஷமே ஆயிரம் யார்டுன்னுதானே சொன்னேன்? ரெகுலர் சீசன்னு சொன்னேனா? பிடிச்சதுன்னு சொன்னேனா?"

மேல போய்ப் பார்த்தேன். சொல்லலை. பந்தயம் எழுதினவனும் நான்தான், "ஆயிரத்துக்கு மேல போனா"ன்னு மட்டும் எழுதியிருக்கேன்.

15 பிப்ரவரி 2025

ஐஸ் கட்டிப் பெட்டியில பர்ன்ட் எண்ட்ஸ் கிளம்பிடுச்சு. மூணு பவுண்டு. தபால் செலவு இறைச்சியை விட அதிகம்.

19 பிப்ரவரி 2025

வந்து சேர்ந்துடுச்சாம். "நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்க ஊர் பிரிஸ்கெட் மாதிரி வராது"ன்னு எழுதறார். இந்த ஆளுக்குப் போய் அனுப்பினேன் பாருங்க.

6 செப்டம்பர் 2025

புது சீசன், நேத்து சாவோ பாலோல சார்ஜர்ஸோட முதல் ஆட்டம். மூணாவது பிளேயிலேயே வொர்தியும் கெல்சியும் குறுக்கும் நெடுக்குமா ஓடி ஒருத்தர் மேல ஒருத்தர் மோதி, வொர்தி தோள்பட்டை விலகி வெளிய. 27-21 தோல்வி.

கெல்சிக்கு இடம் காலி பண்ணிக் கொடுக்கிறவன்னு பக்கம் பக்கமா எழுதினேன். அந்த இடத்துலயே ரெண்டு பேரும் போய் முட்டிக்கிட்டாங்க. தம்பி இந்த வருஷம் 1,200 யார்டுன்னு பந்தயம் கட்டியிருந்தார், பிரிஸ்கெட்டுக்கு. இன்னும் 16 ஆட்டம் இருக்கேன்னு அவர்தான் எனக்கு ஆறுதல் சொல்றார்.

இந்தத் தடவை "ரெகுலர் சீசன், பிடிச்சது மட்டும்"னு எழுதி வாங்கியாச்சு.